எதிலிருந்து அளந்தீர்கள்? திருநெல்வேலியில் ஒரு நீரியல் அளவீட்டுப் பயிற்சியின் மதிப்பீடு

எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்காகப் பதினொரு தோட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தை மூன்று ஆண்டுகளாக மாதம் இருமுறை அளந்து கொப்பியில் எழுதி வருகிறோம். சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரே கிணற்றை நான் ஒரு சனிக்கிழமையும், என்னோடு முறை வைத்து அளக்கும் நண்பர் மறுநாளும் அளந்தபோது, இரண்டு அளவுகளுக்கும் இடையில் 40 சென்ரிமீற்றர் வேறுபாடு வந்தது. இடையில் மழையும் இல்லை, இறைப்பும் இல்லை. விசாரித்துப் பார்த்ததில், நான் கிணற்றுக் கட்டின் மேல்விளிம்பிலிருந்தும் அவர் நிலமட்டத்திலிருந்தும் நாடாவைக் கணக்கிட்டு வந்தது தெரிந்தது. எந்தத் தேதியில் யார் அளந்தார் என்ற குறிப்பு கொப்பியில் இருக்கவில்லை. மூன்று ஆண்டு உழைப்பில் எது சரி, எது பிழை என்று பிரித்தறிய முடியாத அந்த வெட்கத்தில்தான், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் நீரியல் அளவீட்டுப் பயிற்சியில் சேர்ந்தேன். முடித்து ஆறு மாதங்களாகின்றன. படித்தவற்றை மாரியிலும் கோடையிலும் பயன்படுத்திப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று இவ்வளவு நாளும் காத்திருந்தேன். நிறுவனத்தின் குறைகளையும் சொல்லப் போவதால் அதன் பெயரை எழுதவில்லை.

யூலை தொடக்கத்திலிருந்து ஆறு வார இறுதிகள், அதாவது பன்னிரண்டு நாட்கள். நல்லூர்க் கொடியேற்றத்தை முன்னிட்டு இடையில் ஒரு வாரம் தள்ளிப் போனது. மதியச் சாப்பாடும் வாகனமும் உட்பட 45,000 ரூபாய். பதினெட்டுப் பேர் இருந்தோம். பிரதேச சபைப் பணியாளர்கள் சிலர், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள், புவியியல் கற்பிக்கும் ஆசிரியைகள் இருவர், வேலை தேடும் பட்டதாரிகள், என்னைப் போன்ற தோட்டக்காரர் மூவர். விரிவுரைகள் தமிழில் நடந்தன. ஆனால் கையில் தந்த குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. வகுப்பில் 'மின்கடத்துதிறன்' (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) என்று கேட்டதைக் குறிப்பில் எந்தச் சொல்லின் கீழ்த் தேடுவது என்று தெரியாமல் முதல் இரண்டு வாரமும் பலர் திணறினார்கள். இந்தக் கட்டணத்துக்குத் தமிழில் நாற்பது பக்கம் எழுதித் தந்திருக்கலாம்.

பயிற்சியின் உண்மையான பெறுமதி களப்பகுதியைப் பொறுப்பெடுத்திருந்த ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவரிடம் இருந்தது. எல்லோரும் அவரை ஐயா என்றே அழைத்தோம். ஓர் எண்ணைச் சொன்னவுடன் அவர் அந்த எண்ணைக் கவனிக்கமாட்டார். "எதிலையிருந்து அளந்தனீர்? எத்தனை மணிக்கு? பக்கத்துக் கிணறு இறைச்சதோ?" என்று கேட்பார். மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் கொப்பியில் எழுதியதை வெட்டச் சொல்வார். முதல் நாளில் இது எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாளில் நாங்களே ஒருவரையொருவர் அப்படிக் கேட்கத் தொடங்கியிருந்தோம்.

மழை அளவீட்டை அவர் தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். 127 மில்லிமீற்றர் விட்டமுள்ள மழைமானி ஒன்றையும், 203 மில்லிமீற்றர் விட்டமுள்ள மானிக்கு உரிய அளவுச்சாடி ஒன்றையும் மேசையில் வைத்தார். இரண்டும் வேறு வேறு தொகுதியைச் சேர்ந்தவை என்று எவருக்கும் சொல்லவில்லை. மானியில் 20 மில்லிமீற்றர் மழைக்குச் சமமான நீரை முன்கூட்டியே ஊற்றி வைத்திருந்தார். ஒவ்வொருவராக அளந்து, எல்லோரும் ஒரே குரலில் 7.8 என்றோம். பதினெட்டுப் பேர் ஒத்துப்போனதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியும் விட்டோம். மானியின் வாய்ப் பரப்பளவும் சாடியின் அளவுக்கோடுகளும் பொருந்தாவிட்டால் எத்தனை பேர் எத்தனை கவனமாக வாசித்தாலும் பிழை அப்படியே நிற்கும் என்பதை வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் நான் இவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கமாட்டேன். தற்செயல் வழுவைத் திரும்பத் திரும்ப அளந்து குறைக்கலாம், முறைமை வழுவை அப்படிக் குறைக்க முடியாது என்ற பாடப்புத்தக வாக்கியம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

மழையை எங்கள் நில அளவையில் நினைக்கவும் பழக்கினார். ஓர் ஏக்கருக்குப் 16 பரப்பு. எனவே ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் ஆகையால், ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு பரப்புத் தோட்டத்துக்கு 253 லீற்றர் நீரைத் தருகிறது. தோட்டக்காரர் மூவரும் உடனே தங்கள் வெங்காயப் பாத்திகளின் இறைப்பைக் கணக்குப் பார்த்தோம். தானாகப் பதிவு செய்யும் சாய்வாளி மானியும் காட்டப்பட்டது. அதன் வாளி ஒவ்வொரு 0.2 மில்லிமீற்றருக்கும் ஒருமுறை சாயும். அடைமழையில் வாளி சாய்ந்து திரும்பும் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் போவதால் அது குறைத்துக் காட்டும். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டித் தீரும் எங்கள் ஊரில், சாதாரண மானியொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் சாய்வாளியை மட்டும் நம்பக்கூடாது என்றார். ஆவியாதல் தட்டுக்கு அரைநாள் போதுமானதாக இருந்தது. 120.7 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அந்தத் தட்டில் காகம் குளித்துவிட்டுப் போனால் அன்றைய ஆவியாதல் அதிகமாகத் தெரியும். காகத்துக்காகக் கம்பிவலை போட்டால் ஆவியாதல் குறைந்து தெரியும். இதற்கு ஐயாவிடமும் நல்ல தீர்வு இருக்கவில்லை.

கிணறுகளுக்கு ஒதுக்கிய இரண்டு நாட்களும் பயிற்சியின் உச்சம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருக்கும் மழைநீரைத்தான். அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்றும் கடல்நீரின் அடர்த்தியை 1.025 என்றும் கொண்டால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் நிற்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் கீழே 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்க வேண்டும் என்பது கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு. இதைப் பலகையில் எழுதிவிட்டு ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். என் 40 சென்ரிமீற்றர் கதையை முதல் நாள் அறிமுகத்திலேயே சொல்லியிருந்தேன். கட்டிலிருந்து அளந்தேனா நிலத்திலிருந்து அளந்தேனா என்ற குழப்பம் இந்தக் கணக்கில் 16 மீற்றர் நன்னீராக மாறிவிடுகிறது. இல்லாத நீரை இருப்பதாகச் சொல்லி ஊருக்கு நாலு ஆழ்துளைக் கிணறு போட அறிக்கை எழுதியிருப்பேன்.

அந்தத் தொடர்பு நீர் அசையாமல் நிற்பதாகவும், நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையில் கத்தியால் வெட்டியதுபோல் எல்லை இருப்பதாகவும் கொள்கிறது. இறைப்பும் கடல் ஏற்றவற்றமும் வெடிப்புகளும் கலக்கிவிடும் எங்கள் கல்லில் எல்லை ஒரு தடித்த கலவைப் படையாகவே இருக்கும் என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். கோட்பாட்டைச் சொல்லும்போதே அது எங்கே செல்லாது என்பதையும் சேர்த்துச் சொன்ன நாட்கள் பயிற்சியில் அதிகமில்லை. அதனால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கடல்மட்டத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் கிணற்றுக் கட்டின் உயரத்தையே கடல்மட்டத்திலிருந்து அறிய வேண்டும். அதற்காக மட்டக்கருவியும் அளவுத்தண்டும் கொண்டு, உயரம் தெரிந்த ஒரு குறியிலிருந்து தொடங்கி, உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் ஐந்து கிணறுகளைத் தொட்டு, மீண்டும் தொடங்கிய குறிக்கே வந்து முடித்தோம். திரும்பி வந்தபோது எங்கள் குழுவின் மூடல் வழு, அதாவது அதே குறிக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் வந்த உயரங்களின் வேறுபாடு, 9 மில்லிமீற்றர். மற்றக் குழுவினுடையது 31 சென்ரிமீற்றர். தண்டைத் தலைகீழாகப் பிடித்த இடம் எது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் தேவைப்பட்டது. நீர்மட்டத்துக்கு மின் ஒலி நாடாவும், நுனியில் வெண்கட்டி பூசிய உருக்கு நாடாவும் தந்தார்கள். சத்தமிடும் கருவியைவிட நனைந்த வெண்கட்டியின் கோடு எனக்கு நம்பகமாகத் தெரிந்தது. கிணற்றுச் சுவரில் வழியும் ஈரம் பட்டாலே மின்நாடா கத்திவிடுகிறது.

நிலாவரைக்கும் கூட்டிச் சென்றார்கள். நவக்கிரியில் உள்ள அந்தக் கிணற்றில் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலையில் வந்து மிதக்கும் என்ற கதையைக் கேட்காமல் இங்கே எவரும் வளர்ந்திருக்க முடியாது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கும் அந்தக் கிணற்றில் நாங்கள் எந்தக் கருவியையும் இறக்கவில்லை. பார்த்துவிட்டு, அயலிலுள்ள தோட்டக் கிணறுகளில் ஆழத்துக்கு ஆழம் மின்கடத்துதிறனை அளந்தோம். பயிற்சிக் கருவியின் கம்பி குறுகியது என்பதால் பல கிணறுகளில் அடியைத் தொட முடியவில்லை. கனமான கல்லைக் கட்டிய போத்தலை இறக்கி, கயிற்றைச் சுண்டி மூடியைத் திறந்து ஆழநீரை எடுக்கும் வழியை ஐயா அங்கேயே செய்து காட்டினார். வீட்டில் நானும் அதையே செய்கிறேன். மின்கடத்துதிறன் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ 2 வீதம் கூடும் என்பதால், வெயிலில் வைத்த வாளியிலும் கிணற்றுக்குள்ளும் ஒரே நீர் வேறு வேறு எண்ணைக் காட்டும். 25 பாகைக்குத் திருத்திய எண்ணா, திருத்தாத எண்ணா என்று எழுதாத அளவு வீண். அளக்கப் போகும்முன், 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டிய பொற்றாசியம் குளோரைட்டு நியமக் கரைசலில் கருவியைத் தோய்த்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் இருந்த மூன்று கருவிகளில் ஒன்று 1290 காட்டியது. அதை ஒதுக்கி வைக்காமல் எங்களிடமே தந்துவிட்டார்கள் என்பதைக் குறையாகச் சொல்வதா, பாடமாகச் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஓடும் நீரை அளக்கும் பகுதி காலம் தெரியாமல் வைக்கப்பட்ட பகுதி. வலிகாமத்தில் ஆறு என்ற பெயரோடு இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுவது. யூலையில் அதன் படுக்கையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பாடத்திட்டத்தில் 'வழுக்கையாற்றில் நீரோட்ட அளவீடு' என்று அச்சிட்டிருந்ததை நம்பி வந்த இருவர் அங்கேயே முணுமுணுத்தார்கள். அதற்கு ஈடாக ஒருநாள் கிளிநொச்சிக்குக் கூட்டிச் சென்று, சிறுபோகத்துக்கு நீர் ஓடிக்கொண்டிருந்த இரணைமடு வாய்க்கால் ஒன்றில் நீரோட்டமானியை இறக்கினார்கள். வாய்க்காலை நீள்துண்டுகளாகப் பிரித்து, ஆழம் குறைந்த இடத்தில் மேற்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒருமுறையும், ஆழமான இடத்தில் 0.2, 0.8 பங்குகளில் இரண்டுமுறையும் வேகத்தை அளந்து, ஒவ்வொரு துண்டின் பரப்பளவோடு பெருக்கிக் கூட்டுவது வழக்கமான முறை. நன்றாக நடந்தது. ஆனால் ஒரே மானிக்குப் பதினெட்டுப் பேர். எனக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்தின் கரையில் நின்றதும் பேச்சு இயல்பாகவே பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்துக்கும், ஆற்று நீரை ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுவருவது சரியா என்ற பழைய வாக்குவாதத்துக்கும் போய்விட்டது. "முதல் எவ்வளவு ஓடுது எண்டு அளவுங்கோ, பிறகு சண்டை பிடிப்பம்" என்று ஐயா அதை வெட்டினார்.

எனக்கு இதைவிடப் பயன்பட்டது, ஒரு தோட்டத்தில் இறைப்பு மெசினின் வாயில் வைத்த 90 பாகை வி வடிவத் தகடு. தகட்டின் கூர்நுனிக்கு மேல் நீர் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 லீற்றர் பாய்கிறது என்று சூத்திரம் சொல்கிறது. 200 லீற்றர் பரலை வைத்து நேரம் பார்த்தபோது 48 செக்கன் எடுத்தது, அதாவது 4.2 லீற்றர். இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததைக் கண்டு மகிழ்ந்த எங்களிடம், உயரத்தை அரைச் சென்ரிமீற்றர் கூட்டி வாசித்தால் என்ன ஆகும் என்று கணக்குச் செய்யச் சொன்னார். உயரம் இரண்டரை அடுக்கில் வருவதால், 5 வீத வாசிப்புப் பிழை 13 வீத ஓட்டப் பிழையாகிறது. உயரத்தைத் தகட்டுக்கு மிக அருகில் அளந்தால், அங்கே நீர் ஏற்கனவே தாழத் தொடங்கிவிடுவதால், எப்போதும் குறைவாகவே வரும். எட்டி நின்று அளக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுத்து இறைப்பவனுக்கு இந்த அரைநாள் மட்டுமே கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தந்துவிடும்.

இறைப்புச் சோதனை நாளைப் பற்றி இதே மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. அன்று ஐயா வரவில்லை. வேறொரு விரிவுரையாளர் வந்தார். நான்கு மீற்றர் விட்டமுள்ள தோட்டக் கிணறொன்றை ஒரு மணித்தியாலம் இறைத்து, நீர்மட்டம் இறங்கியதை நிமிடத்துக்கு நிமிடம் எழுதி, அரைமடக்கைத் தாளில் (ஓர் அச்சு மட்டும் மடக்கை அளவிலுள்ள வரைபுத்தாள்) குறித்து, நேர்கோடு இழுத்து, நிலத்தின் நீர்கடத்துமை இவ்வளவு என்று விடை சொன்னார். நீரியலாளர் தைஸ் 1935 இல் தந்த முறையும் அதை எளிமையாக்கிய கூப்பர்–ஜேக்கப் முறையும், நூலளவு ஒடுங்கிய கிணற்றையும், எங்கும் ஒரே தன்மையுள்ள நீர்ப்படையையும் கற்பனை செய்து எழுதப்பட்டவை. எங்கள் கிணறு அப்படிப்பட்டதன்று. செக்கனுக்கு 4.4 லீற்றர் இறைத்தால் மணிக்கு 15.8 கனமீற்றர், நான்கு மீற்றர் கிணற்றின் வாய்ப் பரப்பளவு 12.6 சதுர மீற்றர். ஆகவே ஊற்று ஒரு துளியும் தராவிட்டால்கூட மணிக்கு 1.26 மீற்றர்தான் மட்டம் இறங்கும். முதல் மணித்தியாலத்தில் நாங்கள் அளந்ததில் பெரும்பகுதி, நிலம் நீர் தந்த விதத்தை அல்லாமல் கிணற்றுத் தொட்டி காலியான விதத்தையே காட்டியது. பெருவிட்டக் கிணறுகளுக்கென்று பாப்படோபுலோஸ், கூப்பர் இருவரும் 1967 இல் தனி முறை வகுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும். நான் கேள்வி கேட்டபோது "சோதனைக்கு இது போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. சான்றிதழ்ச் சோதனைக்கா, இறைப்புச் சோதனைக்கா என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஐயாவிடம் இதைச் சொன்னோம். இறைப்பை நிறுத்தியபின் மட்டம் ஏறுவதை அளவுங்கள் என்றார். முதல் ஒரு மணித்தியாலத்தில் 30 சென்ரிமீற்றர் ஏறினால், அந்தக் கிணற்றுக்குள் மணிக்கு 3.8 கனமீற்றர் ஊறுகிறது. சூத்திரமும் வேண்டாம், தாளும் வேண்டாம். எத்தனை பரப்பு இறைக்கலாம் என்று கேட்கும் தோட்டக்காரருக்கு இந்த விடை போதுமானது. ஊற்று ஏறும் நேரம் பார்த்து இறைத்த எங்கள் அப்புமாருக்குத் துலா காலத்திலேயே இது தெரிந்திருக்கும்.

மண் பற்றிய நாள் வேடிக்கையாக முடிந்தது. 30, 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரண்டு வளையங்களைச் செம்மண்ணில் அடித்து, உள்வளையத்தில் நீர் இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும்; வெளிவளையத்து நீர், உள்நீர் பக்கவாட்டில் ஒழுகாமல் தடுப்பதற்கு. கோப்பாய்ச் செம்மண் ஊற்றியதையெல்லாம் குடித்தது. கொண்டுபோன இரண்டு பரல் தண்ணீரும் தீர்ந்தும் வேகம் ஒரு நிலைக்கு வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் தன் மெசினைப் போட்டுக் குழாயை நீட்டியிராவிட்டால் அன்றைய கொப்பி வெறுமையாகவே இருந்திருக்கும். மேலே போட்ட பசளை எவ்வளவு விரைவாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும் என்பதை அந்தக் காட்சி ஆய்வுகூடம் போகும் முன்பே சொல்லிவிட்டது.

ஆய்வுகூடத்துக்கு நான்கு நாட்கள் என்று விளம்பரத்தில் இருந்தது. நடந்தது இரண்டரை நாள். ஒடுங்கிய அறையில் நான்கு அளவிகளுக்கு (கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக் குழாய்கள்) முன்னால் பதினெட்டுப் பேர் நின்றோம். மண்ணை 105 பாகையில் 24 மணித்தியாலம் உலர்த்தி ஈரப்பதன் காண்பது, பி.எச். மானியைத் தாங்கற் கரைசல்களில் சீர்செய்வது, கடினத்தன்மையை வைன் சிவப்பிலிருந்து நீலம் வரும்வரை நியமித்து (கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து) அளப்பது ஆகியவை அவசரமாகக் கடந்து போயின. பொறுமையாக நடந்தது குளோரைட்டு மட்டும். பொற்றாசியம் குரோமேற்றைக் காட்டியாக இட்டு, வெள்ளி நைத்திரேற்றைத் துளி துளியாகச் சேர்க்க, மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் கணத்தில் நிறுத்த வேண்டும். விரல்களில் பட்ட கறை ஒரு கிழமைக்குப் போகவில்லை. ஒன்பது சோடிகளுக்கும் ஒன்பது போத்தல்கள் தந்தார்கள். முடிவுகள் லீற்றருக்கு 142 மில்லிகிராமிலிருந்து 171 வரை வந்தன. உப்புக் கூடிய கிணறு யாருடையது என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது போத்தலிலும் இருந்தது வளாகத்துக் குழாய்த் தண்ணீர்தான் என்று ஆய்வுகூட உதவியாளர் சொன்னார். நிற மாற்றத்தை ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு இடத்தில் நிறுத்துகிறது. பயிற்சியை வடிவமைத்தவருக்கு இந்த ஒரு பயிற்சிக்காகவே நன்றி சொல்லலாம்.

நைத்திரேற்று விடயத்தில் நிறுவனம் தன் பாடத்தைத் தானே மறந்தது. வலிகாமத்துக் கிணறுகளில் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று ஏறியிருப்பது இங்கே வீட்டுப் பேச்சு. அதனால் எல்லோரும் தங்கள் கிணற்று நீரை ஆவலோடு கொண்டுவந்தோம். மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் பகுப்பாய்வு செய்ய வேண்டும் என்று காலையில் படித்தோம். மாலையில் எங்கள் போத்தல்கள் மேசையில் விடப்பட்டு, அடுத்த சனிக்கிழமைதான் ஊதாக்கடந்த ஒளிமானிக்குப் போயின. அந்த எண்களை நான் எங்கும் பயன்படுத்தவில்லை. இருந்தாலும் ஒரு நன்மை நடந்தது. ஒருவருக்கு 12 என்று முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50 ஆகையால் தன் கிணறு சுத்தம் என்று மகிழ்ந்தார். அந்த 12 நைதரசனாகக் கணக்கிட்ட அளவு. 50 நைத்திரேற்றாகக் கணக்கிட்ட எல்லை. 4.43 ஆல் பெருக்கினால் 53. ஆய்வுகூட அறிக்கை கையில் கிடைப்பவர்கள் எண்ணைப் பார்க்கும்முன் அலகைப் பார்க்க வேண்டும். நீரில் கரைந்துள்ள நேரயன்களின் மின்னேற்றக் கூட்டுத்தொகையும் எதிரயன்களின் மின்னேற்றக் கூட்டுத்தொகையும் 5 வீதத்துக்குள் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் முறை பாடத்திட்டத்தில் இருந்தும், சோடியம் அளக்கும் கருவி பழுதென்று விடப்பட்டது.

சில்லறை விடயங்கள்: சாப்பாடு நன்று. களத்துக்குப் போன நாட்களில் பெண்களுக்கு மலசலகூட வசதியை ஒழுங்குசெய்ய எவருக்கும் தோன்றவில்லை. ஆசிரியைகள் இருவரும் தாங்களே அயல் வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். சான்றிதழ் அழகாக இருக்கிறது. அரச வேலைக்கு அதனால் புள்ளி கிடைக்காது என்பதைச் சேரும் முன்பே பட்டதாரிகளுக்குச் சொல்லியிருக்கலாம்.

சேர விரும்புபவர்களுக்கு என் கருத்து இது. கிணறு, மழை, இறைப்பு ஆகியவற்றை அளக்க வேண்டியவர்கள் தாராளமாகப் போகலாம். நீரின் தரத்தைப் பகுப்பாய்வு செய்யக் கற்க நினைப்பவர்கள் இந்தப் பணத்தை வைத்திருப்பது நல்லது. யூலைத் தொகுதியில் சேராமல், நவம்பரில் தொகுதி தொடங்குமா என்று கேளுங்கள். ஐயா எத்தனை நாட்கள் வருகிறார், ஒரு கருவிக்கு எத்தனை பேர், மாதிரிகள் எந்த நாளில் பகுப்பாய்வுக்குப் போகின்றன என்ற மூன்றையும் காசு கட்டுமுன் கேளுங்கள்.

வழுக்கையாற்றை அளக்கும் ஆசையை மார்கழியில் நானே தீர்த்துக்கொண்டேன். பெருமழைக்கு மறுநாள் நண்பரோடு போய், நேராக ஓடும் இடமொன்றில் பத்து மீற்றர் தூரத்தைக் கயிற்றால் குறித்து, காய்ந்த குரும்பட்டிகளை மிதக்க விட்டு நேரம் பார்த்தோம். மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கிச் சராசரி வேகம் காணலாம் என்று படித்திருந்தோம். ஆனால் வாடைக்காற்று ஓட்டத்தின் திசையிலேயே வீசியதால் குரும்பட்டிகள் தண்ணீரைவிட விரைவாகப் போயின. நீரில் பாதிக்கு மேல் அமிழ்ந்த ஈரமான தடித் துண்டுகளால் மீண்டும் அளந்து, இரண்டு கணக்கையும், காற்றின் திசையையும், நேரத்தையும், அளந்தவர் பெயரையும் சேர்த்துக் கொப்பியில் எழுதினோம்.

பதினொரு கிணறுகளையும் மட்டமெடுத்து முடித்துவிட்டோம். பழைய கொப்பியில் கையெழுத்தை வைத்து அளந்தவரைக் கண்டுபிடித்து, ஏழு கிணறுகளின் பதிவுகளைத் திருத்த முடிந்தது. மற்ற நான்கும் போனது போனதுதான். ஒவ்வொரு கட்டின் வடக்குப் பக்கத்திலும் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்துதான் அளப்பது என்று எழுதியும் வைத்தோம். சண்டைக்குக் காரணமான அந்தக் கிணற்றின் வீட்டுக்காரர் தைப்பொங்கலுக்குக் கிணற்றடியெல்லாம் வெள்ளையடித்துவிட்டார். வருகிற சனிக்கிழமை மீண்டும் மட்டக்கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டும். இம்முறை கோட்டை உளியால் வெட்டப் போகிறோம்.